ஈரத்துணி

ஐந்து மணிக்குக் குழந்தைகள் சேனலில்
ஜப்பான் பிள்ளைகள் தமிழில் சண்டை போடுவார்கள்.
அக்கா ஹிசாமே முறைத்தால்
தண்டவாளம் முறுக்குப்போல் சுருளும்.
தம்பி எய்தாரோவுக்கு அடுத்தவர் மனசு கேட்கும்.
"எதை எய்தாரோ, எங்க எய்தாரோ" என்று
லுங்கியை மடித்துக் கட்டியபடி
குறுக்கே போவார் அப்பா.

செல்லூரில் எங்கள் வீட்டிலும்
ஓர் அக்கா, ஒரு தம்பி.
பங்கு பிரித்தது பாண்டிச்செல்வி:
"மூத்தவ நான். முறைக்கிறது எனக்கு.
நீ காதைத் தீட்டிக்கிட்டு உக்காரு."
கேட்பதெல்லாம் ஒரு சக்தியா?
எனக்கும் ஏதாவது உடைய வேண்டும்.
பாலம், பஸ்,
குறைந்தது அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸ்.

டிவி மேல் எவர்சில்வர் டம்ளர், பாதித் தண்ணீர்.
நெற்றியில் இரண்டு விரல் வைத்து மூச்சைப் பிடிப்பாள்.
தண்ணீரில் முதலில் ஒரு வட்டம்.
பிறகு டம்ளரே நகரும், எறும்பு நடை,
விளிம்பு வரைக்கும்.
தெருப் பிள்ளைகள் ஐம்பது பைசா கொடுத்துப் பார்த்தார்கள்.
மசூது மட்டும் இரண்டு தடவை கொடுத்தான்.

ஆறாம் வகுப்பில்தான் எனக்குப் பிடிபட்டது.
சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம்.
டீ குடித்துவிட்டு வந்து ஐந்தரைக்கு
ஆறு விசைத்தறியும் ஒன்றாய் ஓட்டுவார்கள்.
அவள் கண் டம்ளரில், காது சுவரில்.
கேட்கிற சக்தியையும் அவளே வைத்திருந்தாள்.

ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.
கைக்குட்டையை நனைத்தேன்.
நாலாய் மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தேன்.
அன்றைக்கு ஒன்பது பேர் கூட்டம்.
தறி ஓடியது. வட்டம் வந்தது.
டம்ளர் அசையவில்லை.
"காசைக் குடு" என்றான் மசூது.
எண்ணிக் கொடுத்தாள்.
பிறகு டம்ளரைத் தூக்கினாள்,
துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
முதன்முதலாக எனக்குக் கேட்டது.
கேட்டதை வெளியே சொன்னால் சக்தி போய்விடும்,
தொடரில் அப்படித்தான் விதி.

கடைசி எபிசோடுக்கு முதல் நாள்
கேபிள்காரர் வயரைப் பிடுங்கிக்கொண்டு போனார்.
இரண்டு மாசப் பாக்கி.
ஹிசாமேதான் ஜெயித்திருப்பாள் என்று அவள்,
எய்தாரோ என்று நான்.
அந்தச் சண்டையில் ஒரு தாழ்ப்பாள் உடைந்தது.

போன பங்குனியில் பத்திர ஆபீஸ்.
அப்பாவின் வீடு. விடுதலைப் பத்திரம்.
யார் வைத்த பெயரோ!
விடுதலை அவளுக்கு, வீடு எனக்கு.
திருமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்,
எனக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக்கொண்டு.

ரேகை மெஷினில் விரலை வைத்தாள். சிவப்பு.
"அழுத்தி வைங்கம்மா."
சிவப்பு.
சாக்குத் தைக்கிற கம்பெனியில் பன்னிரண்டு வருஷம்.
மெஷினை முறைத்தாள்.
எனக்கு உள்ளங்கை வேர்த்தது.
சத்தியமாய் இந்தத் தடவை
அடியில் நான் எதுவும் வைக்கவில்லை.

எழுத்தர்தான் ஒரு ஈரத்துணியை எடுத்து நீட்டினார்.
"தொடச்சிட்டு வைங்க."
வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.
சத்தமாய்க் கேட்டது.
கேட்காதவன்போல் கையெழுத்துப் போட்டேன்.
பச்சை எரிந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்:
"அந்தக் கடைசி எபிசோடு பாத்தியாடா?
இப்ப எல்லாம் போன்லயே இருக்காமே."
பார்த்திருந்தேன், இரண்டு தடவை.
"பாதியில கரண்ட் போயிருச்சு" என்றேன்.
"போன்லயா?" என்றாள்.

நெற்றியில் விரல் வைத்தாள், வெயிலுக்குத்தான்.
நிற்காமல் போக இருந்த பஸ்
நின்றது.